இங்கிலாந்துத் தேர்வறைக்குள் எந்தக் கால்குலேட்டர் போகலாம்? புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் இங்கே தேர்வுகள் தொடங்கிவிடும்: 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ, 18 வயதில் எழுதும் ஏ லெவல். மேற்கு லண்டனில் ஒரு பள்ளியில் எட்டு ஆண்டுகளாகத் தேர்வறைக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்த அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஊர்லேருந்து கேசியோ 991 எம்எஸ் கால்குலேட்டர் கொண்டுவந்திருக்கோம். நான்-புரோகிராமபிள்தான். இங்க எக்ஸாமுக்கு விடுவாங்களா?"

விடுவார்கள். ஆனால் இங்கே பார்ப்பது வேறொன்றை. நம் ஊர்ப் பொறியியல் தேர்வுகளில் "இந்தக் கருவியில் புரோகிராம் எழுத முடியுமா?" என்று பார்ப்பார்கள்; முடியும் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இங்கே பார்ப்பது இரண்டு விஷயம். இந்தக் கருவிக்குள் இப்போது ஏதாவது எழுதி வைத்திருக்கிறதா? எண்ணைக் கணக்கிடுவதைத் தாண்டி, மாணவன் செய்யவேண்டிய இயற்கணிதத்தையே இது செய்து கொடுத்துவிடுமா? இரண்டுக்கும் இல்லை என்றால், புரோகிராம் எழுத வசதியுள்ள விலை உயர்ந்த கருவியும் உள்ளே போகலாம். எழுத வசதியே இல்லாத சாதாரணக் கருவியும், மூடியில் சூத்திரம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். கால்குலேட்டர் கணக்குப் போடலாம், மாணவனுக்குப் பதிலாக நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி விதிகள் தானாகவே புரியும்.

விதி எங்கிருந்து வருகிறது

ஏக்யூஏ, எடெக்செல், ஓசிஆர் போன்ற தேர்வு வாரியங்கள் பல இருந்தாலும், தேர்வறை நடைமுறைக்கு அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஜேசிக்யூ என்ற கூட்டு மன்றம் இருக்கிறது. ஒவ்வொரு கல்வியாண்டுக்கும், செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைக்குமான கையேட்டை அது வெளியிடும். கால்குலேட்டர் பற்றிய பகுதி மிகச் சிறியது. சாராம்சத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்.

கருவி மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் அளவில் இருக்கவேண்டும். பேட்டரியிலோ சோலாரிலோ இயங்கவேண்டும். செய்முறையோ சூத்திரமோ அச்சிட்ட மூடி, உறை எதுவும் கூடாது. மொழிபெயர்ப்பு வசதி, குறியீட்டு இயற்கணிதம், குறியீட்டு வகையிடல், தொகையிடல், வேறு கருவியோடோ இணையத்தோடோ பேசும் வசதி ஆகியவை இருக்கக் கூடாது. தகவல் தொகுப்பு, அகராதி, கணிதச் சூத்திரம், எழுத்து என்று திரும்ப எடுத்துப் பார்க்கக்கூடிய எதுவும் உள்ளே சேமித்திருக்கக் கூடாது. தேர்வின் நடுவில் இன்னொரு மாணவரிடம் கடன் வாங்கக் கூடாது. பேட்டரி, கருவி ஒழுங்காக வேலை செய்வது, உள்ளே இருப்பதை அழிப்பது மூன்றும் மாணவனின் பொறுப்பு.

இந்தக் கடைசி வரியைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். பள்ளி அழித்துக் கொடுக்கும், ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று. சிங்கப்பூரில் தேர்வு வாரியமே அனுமதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் இருந்தால் போதும். இங்கே அப்படி ஒரு பட்டியல் கிடையாது. "இந்த மாடலுக்கு அனுமதி உண்டு" என்று இணையக் கடைகளில் எழுதியிருப்பது விற்பவர் சொல்வதுதான். கருவியை விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியது நாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி

இதைத் தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் காரணம் தெரிந்த பிள்ளை விதியை மறப்பதில்லை. சோதிக்கும்போது கோபப்படுவதும் இல்லை.

1974-இல் ஹியூலெட்-பேக்கார்ட் வெளியிட்ட எச்பி-65 கையடக்கக் கருவியில் காந்தப் பட்டைகளில் புரோகிராமைச் சேமித்துக்கொள்ள முடிந்தது. 1985-இல் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தது. வரைபடம் வரையும் கால்குலேட்டர்களில் அதுதான் முதல். 1990-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-81 வந்தபின் அமெரிக்கப் பள்ளிகளில் இந்தவகைக் கருவிகள் பரவின. புரோகிராம் எழுதும் இடத்தில் சூத்திரமும் எழுதலாம், குறிப்பும் எழுதலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆசிரியர்கள் தேர்வுக்கு முன் மெமரியை அழிக்கச் சொன்னார்கள். உடனே சில மாணவர்கள், "மெமரி அழிக்கப்பட்டது" என்று கருவி காட்டும் திரையை அச்சு அசலாகக் காட்டும் ஒரு புரோகிராமை எழுதிக்கொண்டார்கள். ஆசிரியர் பார்ப்பது போலித் திரை. உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். இதற்கு மறுமொழியாகத்தான் நிறுவனங்கள் "தேர்வு முறை" என்ற வசதியைக் கொண்டுவந்தன. அதில் போட்டால் சேமித்தவை எல்லாம் மறைந்துவிடும். சில கருவிகளில் தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு சிறு விளக்கு மின்னும்.

அதோடும் முடியவில்லை. டிஐ-83 பிளஸ் கருவியில் நிறுவனம் அனுமதித்த இயங்குதளம் மட்டுமே ஓடும்படி காக்கும் பூட்டை, அதாவது கையொப்பமிடும் 512 பிட் சாவியை, 2009-இல் ஆர்வலர் ஒருவர் தன் கணினியைக் கொண்டே உடைத்தார். நிறுவனம் வக்கீல் கடிதங்கள் அனுப்பியது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. 2020-இல் அதே நிறுவனம் டிஐ-84 பிளஸ் சிஇ கருவியிலும், அதன் பிரெஞ்சுப் பதிப்பிலும் அசெம்பிளி, சி மொழிப் புரோகிராம்கள் ஓடும் வழியையே புதிய இயங்குதளத்தில் அடைத்துவிட்டது. தேர்வில் முறைகேடு நடக்கக் கூடாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பள்ளிக் கால்குலேட்டரில்தான் முதன்முதலில் புரோகிராம் எழுதப் பழகினேன் என்று சொல்லும் பொறியாளர்கள் எத்தனையோ பேர். அந்த வாசல் அவர்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் குறுகிப்போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. "கருவி எதுவாகவும் இருக்கட்டும், உள்ளே வரும்போது காலியாக இருக்கட்டும்" என்ற இங்கிலாந்து வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது.

முதல் படி: எந்தத் தாளுக்கு வேண்டும், எந்தத் தாளுக்குக் கூடாது

பிள்ளையின் தேர்வு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கு எதிரேயும் "உண்டு", "இல்லை" என்று பென்சிலால் குறியுங்கள்.

ஜிசிஎஸ்இ கணக்கில் மூன்று தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம். ஏக்யூஏ, எடெக்செல் வாரியங்களில் முதல் தாள் கால்குலேட்டர் இல்லாதது. மற்ற இரண்டுக்கும் உண்டு. ஓசிஆர் வாரியத்தில் அப்படியல்ல. அங்கே ஃபவுண்டேஷன் என்ற அடிப்படை நிலை மாணவர்களுக்கு 1, 2, 3, ஹையர் என்ற உயர்நிலை மாணவர்களுக்கு 4, 5, 6 என்று தாள் எண்கள் போகும். கால்குலேட்டர் இல்லாதது நடுத் தாள், அதாவது 2 அல்லது 5. அண்ணன் ஒரு பள்ளியில் எடெக்செல் எழுதியிருப்பான், தம்பி வேறு பள்ளியில் ஓசிஆர் எழுதுவான். அண்ணன் சொன்னதை நம்பித் தம்பி போய்விடுவான். பிள்ளையின் வாரியம் எது என்று பள்ளியிடமே கேளுங்கள்.

அறிவியல் தாள்களுக்கு அனுமதி உண்டு. புவியியலுக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் கணினி அறிவியலில் ஓசிஆரின் ஜிசிஎஸ்இ தாள்களுக்குக் கால்குலேட்டர் கூடாது. கணினிப் பாடம்தானே என்று எடுத்துச் சென்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏ லெவல் கணக்கில், 2017-இல் தொடங்கிய பாடத்திட்டத்தின்படி, எல்லாத் தாளுக்கும் கால்குலேட்டர் உண்டு. ஆறாம் வகுப்பு முடிவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாட்ஸ் கணக்குத் தேர்வில் எதற்கும் கிடையாது. சென்னையிலோ கோவையிலோ கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ படித்துவிட்டு வந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் 0580 கணக்குப் பாடத்திலும் 2025 முதல் கால்குலேட்டர் இல்லாத தாள் ஒன்று வந்துவிட்டது. பழைய வினாத்தாள்களை மட்டும் வைத்துப் பழகினால் அந்தத் தாளுக்குப் பயிற்சி போதாது.

இரண்டாம் படி: எதை வாங்குவது

ஜிசிஎஸ்இ மட்டும் என்றால் கேசியோ எஃப்எக்ஸ்-83ஜிடி அல்லது 85ஜிடி வரிசை போதும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 83 பேட்டரியில் மட்டும் ஓடும், 85-இல் சோலாரும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த 991எம்எஸ் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரே குறை, பின்னங்களையும் மூலங்களையும் புத்தகத்தில் இருப்பதுபோல மேலும் கீழுமாக அது காட்டாது. இங்கே ஆசிரியர் பலகையில் காட்டுவது ஒன்று, பிள்ளையின் கையில் தெரிவது ஒன்று என்று ஆகிவிடும்.

ஏ லெவலுக்கு 991எம்எஸ் போதாது என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். பாடத்திட்டமே கருவியில் மூன்று வேலைகளை எதிர்பார்க்கிறது: ஒரு விடையை மறுபடி உள்ளே செலுத்தித் திரும்பத் திரும்பக் கணக்கிடுவது, புள்ளியியல் சுருக்க அளவுகள், ஈருறுப்பு, இயல்நிலை போன்ற பரவல்களின் நிகழ்தகவு. ஈருறுப்புப் பரவல் 991எம்எஸ்-இல் கிடையாது. எஃப்எக்ஸ்-991இஎக்ஸ், அதற்குப் பின் வந்த 991சிடபிள்யூ இரண்டிலும் உண்டு. மேற்கணிதம், அதாவது ஃபர்தர் மேத்ஸ் எடுப்பவர்களுக்குக் குறைந்தது 3×3 அணிகளைக் கையாளும் கருவி வேண்டும். இந்த இரண்டும் அதையும் செய்யும்.

நம் ஊரில் பிளஸ் டூ வரை கால்குலேட்டரைத் தொடாமல், மடக்கை அட்டவணை பார்த்துப் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வினோதமான நிலை. கால்குலேட்டர் இல்லாத தாளில் அவர்களை யாரும் நெருங்க முடியாது. ஆனால் பரவல் கேள்வி வந்தால், கருவி 10 நொடியில் தருவதை ஒன்றரைப் பக்கம் எழுதி நேரத்தைத் தொலைக்கிறார்கள். கருவியைப் பயன்படுத்துவது ஏதோ தரக்குறைவு என்ற எண்ணம் வீட்டிலிருந்து வருகிறது. தயவுசெய்து அதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அனுமதித்த இடத்தில் கருவியைப் பயன்படுத்தத் தெரிவதும் இங்கே பாடத்தின் பகுதிதான்.

பழைய கருவி வாங்குபவர்கள் ஒரு சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள்: "காஸ்" (சி, ஏ, எஸ்) என்ற மூன்றெழுத்துச் சுருக்கம். குறியீட்டு இயற்கணிதம் செய்யும் கருவி என்று பொருள். கோடைக்கு முன் இணையத்தில் குறைந்த விலைக்கு வரும் டிஐ-89, டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் காஸ், கேசியோ கிளாஸ்பேட் எல்லாம் இந்தக் கூட்டம்தான். மெமரியை எவ்வளவு அழித்தாலும் அந்தத் திறமை கருவியோடு பிறந்தது. ஆகவே அனுமதி இல்லை.

இதில் பெற்றோருக்கு வரும் குழப்பத்தை ஒரு கணக்கால் தீர்த்துவிடலாம். எக்ஸ் வர்க்கத்தை 0 முதல் 3 வரை தொகையிடு என்றால் 991இஎக்ஸ் 9 என்று விடை தரும். அது எண், அனுமதி உண்டு. எல்லையே சொல்லாமல் எக்ஸ் வர்க்கத்தைத் தொகையிடு என்று கேட்டு, "எக்ஸ் கனம் கீழ் மூன்று" என்று ஒரு கருவி பதில் எழுதினால் அது குறியீடு; அனுமதி இல்லை. கடையில் கையில் வாங்கியவுடன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

புதிய மாடலைத் தேர்வுக்கு முந்தைய வாரம் வாங்கவே வாங்காதீர்கள். சிடபிள்யூ வரிசையில் பொத்தான்களின் இடமே மாறிவிட்டது. பின்னத்தைத் தசமமாக மாற்றப் பழைய கருவியில் தனிப் பொத்தான் உண்டு. புதியதில் "ஃபார்மட்" என்ற பொத்தானை அழுத்திப் பட்டியலில் தேடவேண்டும். விரலுக்குப் பழகச் சில மாதம் ஆகும்.

மூன்றாம் படி: உள்ளே இருப்பதை அழிப்பது

சாதாரண 991-க்குள் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்கலாம். ஏ, பி, சி என்ற மாறிகளில் சேமித்த எண்கள் அணைத்தாலும் போகாது. பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் சேமித்த எண்ணை இன்றைய கணக்கில் தெரியாமல் அழைத்துவிட்டால் விடை தப்பும். ஆகவே அழிப்பது விதிக்காக மட்டும் அல்ல.

991இஎக்ஸ், 83ஜிடிஎக்ஸ், 85ஜிடிஎக்ஸ் வரிசையில் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, பிறகு ஏசி. சிடபிள்யூ வரிசையில் "செட்டிங்ஸ்" பொத்தானை அழுத்தி "ரீசெட்", அதற்குள் "இனிஷியலைஸ் ஆல்", பிறகு "யெஸ்". பழைய 991எம்எஸ்-இல் ஷிஃப்ட், மோட், 3, சமக்குறி. இதைப் பிள்ளையே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தேர்வறையில் "அழித்துக் காட்டு" என்று கேட்டால் அந்த விரல்தான் போகவேண்டும்.

நான்காம் படி: அழித்தபின் சரிசெய்வது

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். எல்லாவற்றையும் அழித்தால் அமைப்புகளும் பிறந்தபடி ஆகிவிடும். கோணம் டிகிரிக்குத் திரும்பிவிடும். ஜிசிஎஸ்இ பிள்ளைக்கு அது நல்லது. ஏ லெவல் பிள்ளை ஓராண்டாக ரேடியனில், அதாவது கோணத்தை அளக்கும் வேறோர் அலகில், வைத்திருப்பாள். காலையில் அழித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தால் முக்கோணவியல் முழுக்கத் தப்பிப்போகும்.

என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இது தலைகீழாக நடந்தது. மாதிரித் தேர்வில் அக்காவின் கருவியை எடுத்துப் போனான். அது ரேடியனில் இருந்தது. விடைகள் விபரீதமாக வந்தன. தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்துச் சரியான வழிமுறைகளையெல்லாம் அடித்துவிட்டான். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

அதிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சி கொடுக்கிறேன். கருவியைக் கையில் எடுத்தவுடன் சைன் 30 போட்டுப் பார். 0.5 அல்லது ½ வந்தால் டிகிரி. மைனஸ் 0.988 என்று வந்தால் ரேடியன். 0.454 வந்தால் கிரேடியன்; அது உனக்கு எப்போதும் வேண்டாம், உடனே மாற்று. ஐந்து நொடி வேலை. தாளைத் திறக்க அனுமதி கொடுக்குமுன்பே செய்துவிடலாம்.

ஐந்தாம் படி: மூடியும் உறையும்

கேசியோ கருவிகளின் சறுக்கு மூடி பலவற்றில் மாறிலிகள், அலகு மாற்றக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் அச்சாகி வரும். கருவியோடு வந்ததுதானே, நாமா எழுதினோம் என்று தோன்றும். விதி அப்படிப் பார்ப்பதில்லை. அச்சிட்ட மூடி மேசையில் இருக்கக் கூடாது. எதுவும் அச்சிடாத மூடியாக இருந்தாலும் கழற்றி வைத்துவிடுவதே நிம்மதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண், பத்தாம் வகுப்பில் மூடியின் உட்புறம் பென்சிலால் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை எழுதி வைத்திருந்தாள். எழுதியதையே மறந்துவிட்டாள். தாள் கொடுப்பதற்கு முன் நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்ததால் மூடியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. தேர்வு தொடங்கி 10 நிமிடம் கழித்துப் பார்த்திருந்தால் முறைகேடு என்று நான் அறிக்கை எழுதித்தான் கொடுத்திருக்கவேண்டும். அவள் கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. இன்றிரவே உங்கள் வீட்டு மூடியைத் திருப்பிப் பாருங்கள். கருவியின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரையும், உறைக்குள் மடித்து வைத்த காகிதத்தையும் பாருங்கள்.

ஏ லெவல் பிள்ளைகள் சூத்திரத்துக்காக இப்படித் தவிக்கவேண்டிய அவசியமே இல்லை. சூத்திரக் கையேட்டைத் தேர்வறையிலேயே தருகிறார்கள். அதில் எது எந்தப் பக்கம் என்று பழகிக்கொள்வதே பெரிய உதவி.

ஆறாம் படி: தேர்வு நாள் காலை

புது பேட்டரி போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த கருவி. முடிந்தால் அதே மாடலில் இன்னொன்று. வேறு மாடலை மாற்றாக எடுத்துச் செல்வதில் பயன் குறைவு. இரண்டையும் அழித்திருக்கவேண்டும். ஒளி ஊடுருவும் பென்சில் பெட்டி. கைபேசியைக் கால்குலேட்டராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். எந்த நிலையிலும் முடியாது, அது உடம்பில் இருந்தாலே முறைகேடு.

கால்குலேட்டர் இல்லாத தாள் என்றால் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரே தாளில் ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதி என்றால், மீதி நேரம் அதை நாற்காலிக்கு அடியில் தரையில் வைக்கச் சொல்வார்கள்.

தொடங்குமுன் கண்காணிப்பாளர் ஓர் அறிவிப்பு செய்வார்: அனுமதி இல்லாத பொருள் எதுவும் இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று. அது வெறும் சடங்கு இல்லை. அந்த நொடியில் கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். தொடங்கியபின் சட்டைப்பையில் கண்டெடுத்தால், பயன்படுத்தவே இல்லை என்றாலும் பள்ளி வாரியத்துக்கு அறிக்கை அனுப்பியாகவேண்டும். எச்சரிக்கை, மதிப்பெண் இழப்பு, அந்தப் பாடத்திலிருந்தே நீக்கம் என்று தண்டனை படிப்படியாக ஏறும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில அறிவிப்பு வேகமாகப் போய்விடும். பயத்தில் கையைத் தூக்கவும் கூச்சப்படுவார்கள். "கேட்டால் திட்டமாட்டார்கள், கேள்" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஏழாம் படி: எழுதிக்கொண்டிருக்கும்போது

கருவி நின்றுபோனால் பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பவே கூடாது, கையைத் தூக்கவேண்டும். கண்காணிப்பாளர் மாற்றுக் கருவி கொடுக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. எங்கள் பள்ளியில் ஒரு பெட்டி நிறைய வைத்திருப்போம். 30 மாணவர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் நாங்கள் அறையில் இருப்போம். வந்து சேர அரை நிமிடம் ஆகலாம், அதுவரை அடுத்த கேள்விக்குப் போகட்டும்.

இன்னொரு கட்டுப்பாடு கருவியில் இருக்காது, வினாவுக்குள் இருக்கும். ஏ லெவல் எடெக்செல் தாளில் சில வினாக்களுக்கு மேல், கால்குலேட்டரை மட்டுமே நம்பிய தீர்வு ஏற்கப்படாது என்ற குறிப்பு வரும். ஓசிஆரில் விரிவான காரணங்களைக் காட்டவேண்டும் என்று வரும். 991இஎக்ஸ் ஒரு முப்படிச் சமன்பாட்டின் மூலங்களைச் சட்டென்று தந்துவிடும். அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் காரணிப்படுத்திய படிகள் தாளில் இல்லாவிட்டால் மதிப்பெண் வராது. அந்தக் குறிப்பைக் கண்டவுடன் கோடிட்டுக்கொள்ளப் பழக்குங்கள்.

வரைபடக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50, டிஐ-84 பிளஸ் சிஇ போன்றவை 100 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ விலை உள்ளவை. எல்லாருக்கும் தேவை இல்லை. மேற்கணிதம் எடுக்கும் பிள்ளைக்கு நன்றாக உதவும். சிஜி50-இல் பைத்தான்கூட எழுதலாம். அப்படி எழுதியவை எல்லாம் உள்ளே இருக்கக் கூடாது என்பதால், பள்ளித் தேர்வு அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: மெமரியை அழித்தால் போதுமா, தேர்வு முறையில் போடச் சொல்வார்களா என்று.

சிஜி50-ஐ அணைத்துவிட்டு, கோசைனுக்கு உள்ள (சி, ஓ, எஸ்) பொத்தானையும் 7-ஐயும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி ஏசி பொத்தானை அழுத்தினால் தேர்வு முறைக்குள் போகலாமா என்று கேட்கும். உள்ளே போனபின் திரையைச் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரியும். டிஐ-84 பிளஸ் சிஇ என்றால், அணைத்துவிட்டு இடது அம்பு, வலது அம்பு இரண்டையும் பிடித்தபடி "ஆன்" பொத்தான்.

சிஜி50-இன் தேர்வு முறை 12 மணிநேரம்தான் நிற்கும். முந்தைய இரவு 10 மணிக்கே போட்டுவிட்டுத் தூங்கினால், மறுநாள் காலை 10 மணிக்குத் தேர்வின் நடுவில் அது தானாக விலகிவிடும். காலையில் பள்ளி வாசலில் போடுங்கள். போட்டபின் மறுபடி சைன் 30.

மாலையில் வீட்டுக்கு வந்தபின், தன் புரோகிராம்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால் பயப்படாதீர்கள். தேர்வு முறைக்குள் போகுமுன் இருந்ததைக் கருவி தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. கணினியோடு கேபிளில் இணைத்தாலும் சரி, 12 மணிநேரம் முடியும்வரை காத்திருந்தாலும் சரி, பச்சைக் கட்டம் மறைந்து பழையவை திரும்ப வந்துவிடும்.